கொல்லத்துக்கு ஒரு கேக் அழைப்பு, நடுவில் ஒரு மலை

செங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கும் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளாக வீட்டில் கேக்கும் ரொட்டியும் செய்து, அவற்றின் செய்முறைகளை இணையத்தில் எழுதி வருகிறீர்கள். உங்களைப் போலவே எழுதும் ஒன்பது பெண்கள் நவம்பர் கடைசி வாரத்தில் கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் கரையில் ஒரு வீட்டில் மூன்று நாள் சேர்ந்து தங்கி, போர்மா எனப்படும், விறகு எரிக்கும் செங்கல் அடுப்பில் கிறிஸ்துமஸ் கேக் சுடப் போகிறார்கள். உங்களையும் அழைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் மலை தாண்டிப் புனலூருக்குப் போகும் வழியில், கோட்டைவாசல் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டபோது, நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, உயிர் போகப்போகிறது என்று தோன்றியிருக்கிறது. அங்கேயே இறங்கி, ஆட்டோ பிடித்து வீடு திரும்பினீர்கள். அதன் பிறகு மலைப்பக்கம் போகவில்லை. தென்காசிக்குக்கூட வீட்டுக்காரர் கூட வந்தால்தான் போகிறீர்கள். "பயம் வராமல் கொல்லம் போய்ச் சேர ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி பயணத்தைப் பற்றியதாக இருந்தாலும், உங்கள் கடைசி மூன்று வரிகள் பயணத்தைப் பற்றியவை அல்ல. "அங்கே போன பிறகு எல்லோர் முன்னாலும் வந்துவிட்டால் என்ன செய்வது, இவளை ஏன் கூப்பிட்டோம் என்று நினைக்க மாட்டார்களா" என்று முடித்திருக்கிறீர்கள். ஆகவே பேருந்து, வளைவு, ரயில் போகும் மலைக்குகை ஆகியவற்றைவிட, அந்தப் படபடப்பு மறுபடி வருவதையும், வரும்போது பிறர் கண்ணில் படுவதையும்தான் நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சரியென்றால் "பயம் வராமல்" என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். பயம் வராது என்ற உறுதியை என்னால் தர முடியாது. நேர்மையான எவராலும் தர முடியாது.

நான் மருத்துவ உளவியலாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக மலைக்கு இருபுறமும், வாரத்தில் ஐந்து நாள் தென்காசிப் பக்கமும் ஒரு நாள் புனலூரிலும், ஆட்களைப் பார்த்து வருகிறேன். மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. மருந்து பற்றிக் கீழே சொல்வதெல்லாம் மனநல மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் அறிந்தவை. உங்களை நேரில் பார்க்காமல், ஒரு கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்லவும் மாட்டேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டின்படி, பொது வாகனம், திறந்த வெளி, அடைபட்ட இடம், கூட்டம் அல்லது வரிசை, தனியாக வீட்டுக்கு வெளியே இருப்பது ஆகிய ஐந்தில் இரண்டையாவது ஆறு மாதத்துக்கு மேலாக ஒருவர் அஞ்சித் தவிர்த்து வந்தால் அகோராஃபோபியாவா (தப்பிக்கவோ உதவி பெறவோ முடியாது என்று தோன்றும் இடங்களை அஞ்சுவது) என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அந்தத் திசையைக் காட்டுகிறது. உறுதிப்படுத்த நேரில் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் பயணப் பேச்சுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அந்த நாளுக்குப் பிறகு இதயத்தையோ தைராய்டையோ சோதித்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தைராய்டு மிகையாகச் சுரப்பது, இரத்தச் சோகை, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவது ஆகிய மூன்றும் இதே படபடப்பைத் தரக்கூடியவை. ஒரு பொது மருத்துவரிடம் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் ஓரிரு நாளில் விஷயம் தெரிந்துவிடும். அவை சரியாக இருந்தால் நான் இனிச் சொல்லப்போவது பொருந்தும்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். பேனிக் அட்டாக் என்று நீங்கள் குறிப்பிடும் பீதித் தாக்குதல், ஆபத்து இல்லாத இடத்தில் உடலின் ஆபத்து மணி அடித்துவிடுவது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும், தலை சுற்றுவதும், எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை என்று தோன்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் இது உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்கத் தொடங்கும். மயங்கி விழுந்துவிடுவேன் என்று பலரும் அஞ்சுகிறார்கள். மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் விழ வேண்டும். பீதியில் அது சற்று ஏறுகிறது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குகிறவர்கள் வேறு வகை. அவர்களுக்கு அழுத்தம் உண்மையிலேயே விழும். நீங்கள் அந்த வகை என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை.

இங்கே உங்கள் அடுப்பைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். சித்திரை வெயிலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, 220 டிகிரியில் எரியும் அடுப்பின் முன் ரொட்டி சுட்டிருப்பீர்கள். அப்போதும் வியர்க்கிறது, முகம் எரிகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மாவு பிசைந்த கை நடுங்குகிறது. ஒரு நாளும் அதற்காக நீங்கள் ஆட்டோ பிடித்து ஓடவில்லை, ஏனென்றால் அதற்கு "வேலை" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஏறத்தாழ அதே உடல் மாற்றங்கள் கோட்டைவாசலில் வந்தபோது அவற்றுக்கு "மரணம்" என்று பெயர் கிடைத்துவிட்டது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: உடலின் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று மனம் வாசிக்கிறது, அந்த வாசிப்பு மேலும் அட்ரினலினைக் கொண்டுவருகிறது, அது மேலும் பயங்கரமாக வாசிக்கப்படுகிறது. இந்தச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பல நாடுகளில் சோதிக்கப்பட்டுப் பலன் தருவதாகக் காணப்பட்டிருக்கிறது.

அன்று இறங்கி ஓடியது ஏன் இவ்வளவு நாள் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். இறங்கியதும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியிலிருந்து மனம் கற்றுக்கொண்ட பாடம் "இறங்கியதால் பிழைத்தேன்" என்பது. இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் சற்று நேரத்தில் அது தணிந்திருக்கும் என்பதைப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அஞ்சும் இடத்துக்குத் திரும்பப் போய் அந்த வாய்ப்பைக் கொடுப்பதற்குத்தான் எதிர்கொள்ளல் பயிற்சி என்று பெயர். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958இல் படிப்படியாக அச்சத்தை அணுகும் முறையை விவரித்து எழுதினார். அதன் பின் வந்தவை பெரும்பாலும் அதன் திருத்தங்கள். நான் படித்த காலத்தில், பயம் பாதியாகக் குறையும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று கற்பித்தார்கள். அன்றைய பயம் அன்றே குறைந்ததா என்பதை வைத்துப் பின்னால் வரும் பலனைக் கணிக்க முடியவில்லை என்று உளவியலாளர் மிஷேல் கிராஸ்கேயும் அவருடைய குழுவினரும் பின்னர் காட்டினார்கள். நீங்கள் எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்பதை நேரில் காண்பதே முக்கியம் என்பது அவர்கள் கருத்து. படிகளை வரிசையாக ஏற வேண்டுமா, மாற்றி மாற்றிச் செய்யலாமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வழியிலும் பலன் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. பயிற்சிக்களமோ வாசலிலேயே இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு இந்த வசதி கிடையாது. முதல் வாரம் செங்கோட்டையிலிருந்து புளியரைவரை பேருந்தில் போய் வாருங்கள். ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே நாளில் இரண்டு முறை போனாலும் நல்லது. அடுத்த வாரம் கோட்டைவாசல் வளைவுகளைத் தாண்டி ஆரியங்காவுவரை. அன்று நின்ற அதே வளைவில் பேருந்து நிற்க நேர்ந்தால் எரிச்சல் வேண்டாம், காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி அது. மூன்றாம் வாரம் ரயில், ஏனென்றால் கொல்லத்துக்கு நீங்கள் போகப்போவதும் ரயிலில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரியங்காவிலோ தென்மலையிலோ நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள குகை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். மலைப்பாதையில் வண்டி மெதுவாகத்தான் போகும் என்பதால் இருட்டு இரண்டு மூன்று நிமிடம் நீடிக்கும்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களை வீணாக்காதீர்கள். ஏறுவதற்கு முன்பே ஒரு சிறு நோட்டில் உங்கள் கணிப்பை எழுதுங்கள்: "குகைக்குள் மயங்கி விழுவேன், நூற்றுக்கு எண்பது வாய்ப்பு", "கத்திவிடுவேன், ஐம்பது". வெளியே வந்ததும் நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள். "பயமாக இருந்தது" என்று எழுதினால் அது விடை ஆகாது. பயமாக இருக்கும் என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. விழுந்தீர்களா, கத்தினீர்களா என்பதுதான் கேள்வி. இதை நான்கைந்து முறை செய்தவர்களுடைய நோட்டில் எண்பது தானாகவே முப்பது ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குகை முடிந்து கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் வரும். 1904இல் பயணிகளுக்குத் திறந்த பாதை அது. அகலப்பாதைக்காக 2010இல் மூடப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. திறந்த பிறகு ஒரு முறைகூட அதில் போனதில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது, இந்த ஊர்க்காரி என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

வெளியே போகாத நாட்களில் வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உடலின் அந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது: ஒரு நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுவது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. உங்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படும், ஏனென்றால் நீங்கள் போகப்போகும் இடத்தில் விறகுப் போர்மா இருக்கிறது. மரக்கட்டை எரிந்து தணலாகி, செங்கல் சூடேறி, பத்துப் பேர் நிற்கும் அறையில் வெக்கையும் வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தே தீரும். அதைப் பீதி என்று தவறாக வாசித்துவிடாமல் இருக்க, அந்த உணர்வு முன்பே பழகியிருப்பது நல்லது.

எல்லாருக்கும் இது வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், இதே மலையைக் கடக்க அஞ்சிய ஓர் அம்மாவை, முதல் வாரமே புனலூர்வரை போய்வரச் சொன்னேன். அவர் தயாராக இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போனார், பாதியில் திரும்பினார், அதன் பிறகு என்னிடம் வரவே இல்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆகவே மேலே எழுதிய வார அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். புளியரைக்கே மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். ஆனால் இன்று போக வேண்டியதை நாளைக்கு என்று தள்ளியதை "மெதுவாகப் போகிறேன்" என்று கணக்கில் எழுதாதீர்கள்.

பையில் வைத்திருக்கும் பொருள்களைப் பற்றி: தண்ணீர் பாட்டில், வீட்டுக்காரருக்கு வரிசையாக அழைப்பு, கதவோர இருக்கை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அல்பிரசோலம் அட்டை. இவற்றைப் பாதுகாப்புப் பழக்கங்கள் என்போம். இவற்றால் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிவிடும் என்பதால் ஒவ்வொன்றாக விட வேண்டும் என்பது பொதுக் கருத்து. தொடக்கத்தில் கொஞ்சம் வைத்துக்கொண்டால் ஆள் பயிற்சிக்காவது வருவார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இதில் தீர்ப்பு வரவில்லை. என் வழக்கம், முதல் பயணத்தில் துணை, இரண்டாவதில் துணை அடுத்த பெட்டியில், மூன்றாவதில் துணை வீட்டில். ஆனால் அந்த மாத்திரை அட்டையைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து; விரைவாக அமைதிப்படுத்தும், விரைவாகப் பழக்கமாகும், பயிற்சியில் கற்க வேண்டியதையும் மழுங்கடிக்கும். இதுவரை போட்டதில்லை என்றால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவேளை நாள்தோறும் போட்டு வந்தீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நீண்ட காலத்துக்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேறு. பலருக்கு நன்றாக உதவுகின்றன, ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும். நவம்பர் பயணத்துக்காகவே தொடங்குவதென்றால் இந்தக் கணக்கை மனநல மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள்.

வளைவுகளில் குமட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் பீதி ஆகாது. கண் ஒன்றையும் உட்காது இன்னொன்றையும் சொல்வதால் வரும் பயணக் குமட்டல். முன்பக்க இருக்கை, தூரத்தில் பார்வை, கைபேசியைப் பார்க்காமல் இருப்பது, வயிறு காலியாகவும் முட்டவும் இல்லாமல் இருப்பது ஆகியவை போதும். போதவில்லை என்றால் மருந்துண்டு, தூக்கம் வரும். மூச்சுப் பயிற்சியை நான் அதிகம் வலியுறுத்துவதில்லை. ஆழமாக இழுக்காமல் மெதுவாக, சிறிதாக விடுவது சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு அதுவே இன்னொரு பாதுகாப்புப் பழக்கமாகிவிடுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய யோசனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

இனி, கடைசி மூன்று வரிகளுக்கு வருகிறேன். ஒளிப்பதுதான் உங்களைக் களைப்பாக்கும். ஒன்பது பேரிடமும் வரலாறு சொல்ல வேண்டியதில்லை, அழைத்தவரிடம் ஒரே வாக்கியம் முன்பே சொல்லிவிடுங்கள்: "எனக்கு வெளியூரில் சில நேரம் படபடப்பு வரும், வந்தால் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு நானே வந்துவிடுவேன், யாரும் எதுவும் செய்ய வேண்டாம்." இந்த வாக்கியத்தில் பெரிய நன்மை, யாராவது பதறிக்கொண்டு தண்ணீர் தெளிக்க வர மாட்டார்கள். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கேக் மாவைக் கிளறிக்கொண்டிருக்கும் ஒன்பது பெண்களில் ஒருவருக்காவது இதே அனுபவம் இருந்து, இரவில் உங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. மாறாக, யாராவது முகம் சுளிக்கவும் கூடும். அதைத் தாங்குவதும் பயிற்சியில் அடக்கம்தான்.

வெள்ளிக்கிழமை பதில் என்ன சொல்வது? வருகிறேன் என்று சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. பயம் போனபின் ஒப்புக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், போவதற்குக் காரணம் இல்லாமல் பயமும் போகாது. அழைப்பை மறுத்தால் இன்று இரவு நன்றாகத் தூங்குவீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; ஆட்டோவில் ஏறியபோது வந்த அதே நிம்மதி. ஒரே ஒரு விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: செங்கோட்டை முதல் கொல்லம்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில், பயம் உச்சத்தில் இருக்கும்போது வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. தணிந்த பிறகு, புனலூரில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று அமைதியாக முடிவெடுத்தால் அது தோல்வி ஆகாது, புனலூர்வரை போய்வந்தது கணக்கில் நிற்கும். மூன்று நாளில் ஒரு நாள் மட்டும் தங்கி வந்தாலும் அப்படியே. ஆனால் பயணம் ஒருபுறம் இருக்க, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், இந்தப் பயிற்சி எதையும் தொடங்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்; 2022 முதல் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சனிக்கிழமை காலை புளியரைப் பேருந்திலிருந்து தொடங்கலாம். ஐப்பசியில் மலையில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குடை எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பாதுகாப்புப் பழக்கங்களில் சேர்க்க மாட்டேன்.